சிஸ்பிளாட்டினை நானே தயாரித்தபோது

என் ஆய்வு தாமிரக் காம்ப்ளெக்ஸ்களைப் பற்றியது, அதாவது தாமிர அணுவைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்த சேர்மங்கள். அவை புற்றுநோய் செல்லைக் கொல்கின்றன என்று சொன்னால், எதோடு ஒப்பிட்டு என்று உடனே கேட்பார்கள். பெரும்பாலும் பிளாட்டினம் உள்ள புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டினோடுதான். அதை வாங்கிவிடலாம். ஆனால் கைடு, "ஒரு தடவை நீயே பண்ணிப் பாரும்மா, அப்போதான் புரியும்" என்றார்.

1840களிலேயே பெய்ரோனே என்ற வேதியியலாளர் செய்துவைத்த பொருள் இது. 1965இல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் பாக்டீரியாக் கரைசலில் மின்சாரம் செலுத்தியபோது, பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் இழை இழையாக நீண்டன. காரணம் மின்சாரம் அல்ல, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம். அப்படிச் செல் பிரிவதைத் தடுத்த பிளாட்டினச் சேர்மங்களில் ஒன்றுதான் சிஸ்பிளாட்டின். 1978இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

நான் பின்பற்றியது 1970இல் தாரா என்ற வேதியியலாளர் வெளியிட்ட முறை. தொடங்குவது பொட்டாசியம் டெட்ராகுளோரோபிளாட்டினேட் என்ற பிளாட்டின உப்பில், செக்கச்செவேலென்று இருக்கும். பிளாட்டினம் விற்கிற விலைக்கு, எடை போட்ட தாளில் ஒட்டியதைக்கூடத் தட்டித் தட்டிச் சேர்த்தேன். பொட்டாசியம் அயோடைடு போட்டதும் சிவப்புக் கரைசல் கறுத்துப் போகும். அம்மோனியா விட்டால் மஞ்சள் பொடி இறங்கும்.

அயோடைடு எதற்கு? பிளாட்டினம் அணுவைச் சுற்றி நான்கு இடங்கள்; தனக்கு நேர் எதிர் இடத்தில் இருப்பதைத் தளர்த்திவிடுவதில் அயோடைடு அம்மோனியாவைவிட வலுவானது. அதனால் இரண்டாவது அம்மோனியா, முதல் அம்மோனியாவுக்கு எதிரே போகாமல் பக்கத்திலேயே உட்காருகிறது. இந்த அமைப்புதான் சிஸ். எதிரெதிரே உட்கார்ந்தால் டிரான்ஸ்பிளாட்டின். அதே அணுக்கள்தான், ஆனால் மருந்தாகாது.

அப்புறம் சில்வர் நைட்ரேட். அயோடைடு கிட்டத்தட்ட முழுக்க சில்வர் அயோடைடாக இறங்கிவிடும். சில்வரை ஒரு துளி குறைவாகவே போட வேண்டும். மிஞ்சினால் கடைசியில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கும்போது சில்வர் குளோரைடும் சேர்ந்து விழும். வடிகட்டி, குளோரைடு சேர்த்துக் காத்திருந்தால் சிஸ்பிளாட்டின் பளிச்சென்ற மஞ்சளில் படியும்.

சரி, வந்தது சிஸ்தானா? கொஞ்சம் எடுத்து தயோயூரியாவோடு சூடாக்கினேன். சிஸ் என்றால் மஞ்சள், டிரான்ஸ் என்றால் நிறமில்லை. 19ஆம் நூற்றாண்டில் குர்னாகோவ் என்ற ரஷ்ய வேதியியலாளர் கண்டுபிடித்த சோதனை. எனக்கு மஞ்சள் வந்தது.

செல் சோதனைக்குக் கரைக்கும்போதுதான் உண்மையான பாடம். சிஸ்பிளாட்டின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மருந்துக் குப்பியிலேயே ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் எளிதாகக் கரையும், பல ஆய்வகங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டிஎம்எஸ்ஓவில் உள்ள கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு செல்லுக்குள் போவது சிஸ்பிளாட்டினே இல்லை. அப்படிக் கிடைத்த வீரிய அளவோடு ஒப்பிட்டு "எங்கள் காம்ப்ளெக்ஸ் பல மடங்கு வீரியம்" என்று எழுதினால் என்ன அர்த்தம்? நான் சலைனில்தான் (உப்பு நீரில்) கரைத்தேன், அன்றன்றைக்குப் புதிதாக.

என் தாமிரக் காம்ப்ளெக்ஸ்களோ டிஎம்எஸ்ஓ இல்லாமல் கரையவே கரையாது. அதனால் செல்களுக்குக் கொடுக்கும் முன், அதே கரைசலில் 48 மணி நேரம் யூவி ஸ்பெக்ட்ரம் (எந்தப் புற ஊதா ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற வரைபடம்) எடுத்துப் பார்க்கிறேன். அதில் உச்சிகள் நகர்ந்தால் காம்ப்ளெக்ஸ் மாறிவிட்டது என்று அர்த்தம்; அப்படிப்பட்டவற்றை, செல் சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.