எக்ஸ்டி ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க் போட்ட கதை

ஐபிஎம் எக்ஸ்டி 1983இல் வந்த கொம்பியூட்டர். 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 8088 புரொசெசர், கூடிப்போனால் 640 கேபி மெமரி, 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இப்போது வட்ஸ்அப்பில் வருகிற கல்யாண வீடியோ ஒன்று அந்த டிஸ்க்கில் அடங்காது. வவுனியாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் அப்படி ஒன்றைச் சாக்கால் மூடிப் பல வருடங்களாக வைத்திருந்தார். கொழும்பில் ஒரு அலுவலகம் ஏலத்தில் விட்டபோது அவருடைய தம்பி வாங்கியதாம். தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்குக் காட்டக் கேட்கிறார்கள், ஆனால் ஓடினால்தான் கொடுப்பேன், ஓடாத சாமானைக் கொண்டுபோய் வைத்து என்ன பிரயோசனம் என்று சொல்லிக் கிளிநொச்சிக்கு, எங்கள் கடைக்குக் கொண்டுவந்து இறக்கினார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போனது.

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஒரு சிலும்பல் சிலும்பி நின்றுவிட்டது. பவர் சப்ளை போய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் இந்த மெஷின்களில் 12 வோல்ட் வழியில் இருக்கிற டான்டலம் கப்பாசிட்டர்கள் வயதாகி ஷோர்ட் ஆவது பேர்போன நோய், ஷோர்ட் இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்ற நின்றுகொள்ளும். மீற்றரை வைத்தால் 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே கீச்சென்று சத்தம். மஞ்சள் துளி மாதிரி இருந்த ஒன்றைக் கழற்றினோம், ஃபேன் ஓடியது. 16 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டரை 12 வோல்ட்டில் அன்று போட்டிருக்கிறார்கள், இடைவெளி போதாது. நாங்கள் 35 வோல்ட் போட்டோம்.

அப்புறம் மெமரியை ஆறுதலாக எண்ணி முடித்துவிட்டுத் திரையில் 1701 என்று காட்டியது. ஹார்ட் டிஸ்க் சரியில்லை என்பதற்கு ஐபிஎம் வைத்த இலக்கம் அது. டிஸ்க் சுற்றவே இல்லை. அந்தக் காலத்து டிஸ்க்குக்கு 34 கம்பியும் 20 கம்பியுமாக இரண்டு கேபிள், தனிக் கொன்ட்ரோலர் போட். அதே மாதிரி இன்னொன்று தேடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, கிடைத்தாலும் அதுவும் இதே வயதுதான். இந்த மெஷின்களை விரும்புகிறவர்கள் பின்னாளில் வந்த ஐடிஇ வகை டிஸ்க்கை எக்ஸ்டியில் மாட்ட எக்ஸ்டி ஐடிஇ என்று ஒரு போட் வடிவமைத்து, அதன் வரைபடத்தையும், மெஷின் எழும்பும்போது ஓடுகிற பயோஸ் என்ற நிரலின் மூலத்தையும் எவரும் எடுக்கும்படி விட்டிருக்கிறார்கள். அதைச் செய்து, கமராவுக்குப் போடுகிற, ஐடிஇ டிஸ்க் மாதிரியே பேசக்கூடிய கொம்பக்ட் ஃபிளாஷ் அட்டையையே டிஸ்க்காக வைப்பது என்று முடிவெடுத்தோம்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் திருத்தப் பழகிய காலம் வன்னியில் கரண்ட் இல்லாத காலம், பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்ட சாமான், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம், பெட்ரோல் எஞ்சினைத் துளி பெட்ரோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். செத்த போட்டில் கழற்றியதுதான் உயிருள்ள போட்டுக்கு. அந்தக் கெட்டித்தனத்தை இன்றைக்குப் பெருமையாகப் பேசுகிறோம், பேசலாம், ஆனால் அதில் ஒரு குறை இருந்தது: எங்களுக்கு வரைபடம் என்று ஒன்று கையில் கிடைத்ததே இல்லை. இதுதான் போயிருக்கும் என்று ஊகித்து மாற்றுவோம், வேலை செய்தால் சரி, ஏன் வேலை செய்தது என்று தெரியாது. இப்போதும் லப்டொப்புக்கு அதே கதைதான், கொம்பனி வரைபடம் தருவதில்லை, எங்கிருந்தோ கசிந்த பிடிஎஃப்பை டெலிகிராமில் தேடுகிறோம். எக்ஸ்டிக்கோ ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கைநூலில் மதர்போட்டின் முழு வரைபடத்தையும், பயோஸின் நிரலை வரிக்கு வரி குறிப்போடும் அச்சடித்து விற்றிருக்கிறது. அந்தக் கைநூலையும் எக்ஸ்டி ஐடிஇ வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தது எனக்குப் புது அனுபவம்.

சொல்டரிங் எல்லாம் கடையில் நிற்கிற பெடியன்தான். உயரம் குறைந்தது முதலில்: ரெசிஸ்டர், ஒவ்வொரு சிப்புக்கும் பக்கத்தில் வருகிற 0.1 மைக்ரோ கப்பாசிட்டர், பிறகு சொக்கெட், கடைசியில் 40 கால் கொனெக்டர். கிரவுண்ட் பரப்போடு சேருகிற கால்களில் சூடு போட்டுக்குள் ஓடிவிடும், ஈயம் உருண்டு மேலேயே நிற்கும், இரும்பைக் கொஞ்சம் கூட நேரம் பிடித்தால்தான் துளைக்குள் இறங்கி மறுபக்கம் எட்டிப்பார்க்கும். அதை அவன் நான் சொல்லாமலே பிடித்துக்கொண்டான்.

வரைபடத்தில் 573 என்ற லாட்ச் சிப் இரண்டு இருப்பதைக் கண்டு அவன்தான் கேட்டான், இது எதற்கு என்று. ஐடிஇ என்பது 1984இல் வந்த ஏடி மெஷினின் 16 பிட் பஸ்ஸை, அதாவது தரவு ஓடுகிற பாதையை, நம்பிப் பிறந்தது, தரவு பதினாறு பதினாறாக வரும். எக்ஸ்டியின் ஸ்லொட்டில் எட்டுத்தான் போகும். "அப்ப மிச்ச எட்டையும் எங்கயோ பிடிச்சு வைச்சிருக்கோணும் என்ன, அண்ணை?" என்றான். அதுதான். இரண்டு மூட்டை நெல் வந்து இறங்கினால் ஒன்றை விறாந்தையில் வைத்துவிட்டு மற்றதை உள்ளே கொண்டுபோகிற மாதிரி, வாசிக்கும்போது கீழ் எட்டு நேரே போகும், மேல் எட்டை லாட்ச் பிடித்து வைத்திருந்து அடுத்த வாசிப்பில் கொடுக்கும். எழுதும்போது தலைகீழ்: மேல் எட்டு முதலில் வந்து காத்திருக்கும், கீழ் எட்டு வந்ததும் பதினாறும் ஒன்றாக டிஸ்க்குக்குப் போகும். இவ்வளவு காலமும் ஐடிஇ கேபிள் எத்தனையோ மாற்றியிருப்பேன், இதை ஒருவருக்கு விளக்க வேண்டிவந்தது அன்றுதான்.

முகவரி விஷயத்தில் அவசரப்படக்கூடாது. பழைய கொன்ட்ரோலர் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்) 320 என்ற முகவரியில் இருக்கும், அதன் நிரல் இருக்கிற ரொம் சிப் சி800இல். அதைக் கழற்றியாகிவிட்டது, ஆனாலும் பின்னொரு நாள் யாராவது பழைய டிஸ்க்கை உயிர்ப்பித்தால் மோதக்கூடாது என்று எங்கள் போட்டை 300க்கும் ரொம்மை டி000க்கும் வைத்தோம். எக்ஸ்டி எழும்பும்போது சி800இலிருந்து 2 கேபி 2 கேபியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகும், எங்காவது 55 ஏஏ என்ற இரண்டு பைட் இருந்தால் அங்கே ஒரு ரொம் இருக்கிறதென்று அதன் பைட்டுகளைக் கூட்டிப் பார்க்கும், கூட்டுத்தொகையின் கடைசி எட்டு பிட்டும் பூச்சியம் என்றால்தான் உள்ளே நுழையும். எங்களுடைய பயோஸ் அழித்து எழுதக்கூடிய 8 கேபி ஈஈப்ரொம் சிப் ஒன்றில், கடையிலுள்ள புரோகிராமரில் வைத்து எழுதியது.

இன்னொரு சங்கதி, பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருக்கிற எட்டாவது ஸ்லொட். நீளம் குறைந்த போட்டுக்கு வாய்ப்பான இடம், யாரும் அங்கேதான் குத்துவார்கள். ஆனால் அது மற்ற ஸ்லொட் மாதிரியில்லை, அங்கே இருக்கிற போட் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பி8 காலில் மதர்போட்டுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அது பேசுவது யாருக்கும் கேட்காது. ஊகித்து வேலை செய்திருந்தால் நல்ல போட்டைக் கெட்டதென்று கழற்றிச் சிப் சிப்பாக மாற்றிக்கொண்டு இருந்திருப்போம். கைநூலில் அது எழுதியிருக்கிறது. எங்கள் போட்டில் அதற்கென்றே ஒரு ஜம்பரும் (இரண்டு காலைச் சேர்க்கிற சின்ன மூடி) உண்டு, போட்டோம், முடிந்தது.

பயோஸின் பெயரும் அட்டையின் பெயரும் திரையில் வந்தன. ஆசிரியரிடம் இருந்த 360 கேபி ஃபிளொப்பியில் டொஸ் 3.3 என்ற அந்தக் காலத்து ஒபரேட்டிங் சிஸ்டம் இன்னும் வாசிக்கக்கூடியதாக இருந்தது, எப்படியென்று கேட்காதீர்கள். டொஸ் 3.3 ஒரு பார்ட்டிஷனுக்கு 32 எம்பிக்கு மேல் தராது, 512 எம்பி அட்டையில் அவ்வளவையே எடுத்தோம், அதுவே பழைய டிஸ்க்கின் மூன்று மடங்கு. எஃப்டிஸ்க்கால் பிரித்து, ஃபோமட் செய்து, பிறகு ஃபிளொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் சி என்று வந்து நிற்கிறது.

ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, சத்தம் எங்கே என்று. டிஸ்க் சுற்றுகிற சத்தம் இல்லாமல் அவருக்கு ஓடுகிற மாதிரியே தெரியவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டாம், இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார், சரி, விட்டுவிட்டோம். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது பெட்டியின் முகப்பை அல்ல, மூடியைத் திறந்து வைத்து வரைபடத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்கும் ஒத்துக்கொண்டார்.

வெற்றுப் பலகையைச் செய்விக்கும்போது ஒன்று மட்டும் தரமாட்டார்கள், ஆகக் குறைந்தது ஐந்து எடுக்க வேண்டும். மிச்சப் பலகைகள் கடையில் கிடக்கின்றன. ஐஎஸ்ஏ ஸ்லொட் (எக்ஸ்டியில் இருக்கிற வகை) உள்ள பழைய மெஷின், 286 என்றாலும் சரி, யாரிடமாவது மூலையில் கிடந்தால் கொண்டுவாருங்கள். சாமான் காசு தந்தால் போதும், கூலியைப் பெடியனோடு பேசிக்கொள்ளலாம்.