பூனையைக் குளிப்பாட்டுவதற்கு முன்

எங்கள் வீட்டுப் பூனை சாம்பிக்கு 13 வயது நடந்துகொண்டிருந்தபோது, அதன் முதுகின் பின்பகுதியில், வாலுக்குச் சற்று மேலே, ரோமம் சிறு சிறு கற்றைகளாகப் பிரிந்து நிற்பதையும் அவற்றினிடையே பொடுகு படிந்திருப்பதையும் கவனித்தேன். அழுக்குச் சேர்ந்துவிட்டது என்று நானே முடிவுசெய்து, வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டினேன். சில நாள் பளபளப்பாக இருந்தது. இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. மறுபடியும் குளிப்பாட்டினேன். பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றபோதுதான், அதன் முதுகெலும்பிலும் இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் ஏற்பட்டிருப்பதும், உடலை வளைத்து அந்த இடத்தை நக்கிச் சுத்தம்செய்ய அதனால் இயலவில்லை என்பதும் தெரியவந்தது. வலியோடு இருந்த ஓர் உயிரை இரண்டு முறை தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. பூனையின் ரோமம் கெட்டால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும், பிறகுதான் ஷாம்பூவைத் தேட வேண்டும் என்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன்.

பூனை தன் விழிப்பு நேரத்தில் கணிசமான பங்கை உடலை நக்குவதிலேயே செலவிடுகிறது. அதன் நாக்கில் தொண்டையை நோக்கிச் சாய்ந்த முட்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவை நம் நகத்தைப் போலவே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனவை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அம்முட்களின் நுனி குழிந்து சிறு அகப்பை போல இருப்பதையும், அந்தக் குழிவு எச்சிலை ஏந்திச்சென்று ரோமத்தின் அடிவரை சேர்ப்பதையும் காட்டினார்கள். அந்த ஈரம் அழுக்கை நீக்குவதோடு, ஆவியாகும்போது உடலையும் குளிர்விக்கிறது. குட்டை ரோமமும் நல்ல உடல்நலமும் உள்ள பூனை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்வரை, குளிப்பாட்டப்படாமலேயே வாழ்நாளைக் கழித்துவிடலாம். வாரந்தோறும் குளிப்பாட்டுவதைப் பெருமையாகச் சொல்பவர்களைக் கேட்கும்போது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை போய்விட்டால் வறட்சியும் அரிப்பும் வரும். அரித்தால் பூனை இன்னும் அதிகமாக நக்கும்.

மிகையாக நக்குவதும் ஒரு நோய்க்குறியே. வயிற்றிலும் உள்தொடையிலும் ரோமம் மழித்ததுபோல் குறைந்திருந்தால், தானாக உதிர்ந்ததாக நினைத்துவிடுகிறோம்; பல பூனைகள் நாம் பார்க்காத நேரத்தில் நக்கி நக்கியே அதை இழக்கின்றன. இதற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று தெள்ளுப்பூச்சியின் எச்சிலால் வரும் ஒவ்வாமை. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும். நக்கும்போது பூச்சிகளையும் அது விழுங்கிவிடுவதால், உடலில் தேடினால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள்: செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது செரித்த இரத்தம், அதாவது தெள்ளுப்பூச்சியின் கழிவு. வட்டமாக ரோமம் உதிர்ந்து தோல் செதிலாக உரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது பூசணத்தால் வருவது, மனிதர்களுக்கும் தொற்றும் என்பதால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. வெள்ளைப் பூனைகளின் காது நுனியில் ஆறாத புண்ணோ பொருக்கோ தென்பட்டாலும் அப்படியே. கடும் வெயில் அவ்விடத்தில் தோல் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்.

குளியல் உண்மையாகவே தேவைப்படும் சமயங்களும் உண்டு. நீண்ட ரோமப் பூனைக்கு மலம் ஒட்டிக்கொள்வது, மருத்துவர் மருந்து ஷாம்பூ எழுதிக்கொடுப்பது, இயந்திர எண்ணெயோ பெயிண்டோ உடலில் படுவது ஆகியவை அத்தகையவை. கடைசியாகச் சொன்னதில் அவசரம் அதிகம், ஏனெனில் ரோமத்தில் பட்டதெல்லாம் விரைவில் வயிற்றுக்குள் போய்விடும்; உடனே மருத்துவரை அழைத்து, எதைக் கொண்டு கழுவலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ரோமமற்ற ஸ்ஃபிங்ஸ் இனப் பூனைகளுக்கு, தோல் சுரக்கும் எண்ணெயை ஏற்றுக்கொள்ள ரோமம் இல்லாததால், முறையான குளியல் இன்றியமையாதது.

குளிப்பாட்டுவதற்கு முன் சீவ வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். சிக்கு நனைந்தால் இறுகிக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலாதீர்கள். பூனையின் தோல் மெல்லியது, சிக்கை இழுக்கும்போது தோலும் கூடாரம்போல் எழும்பி வருவதால் அதையும் சேர்த்து வெட்டிவிட நேரும். விரலால் பிரித்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்ல அவிழ்க்கலாம்; முடியாவிட்டால் மழிக்கும் கருவி உள்ளவர்களிடம் விட்டுவிடலாம்.

தொட்டியின் அடியில் வழுக்காத விரிப்பையோ பழைய துண்டையோ போடுங்கள். கால் வழுக்குவதே பூனையின் பாதிப் பயத்திற்குக் காரணம் என்பது என் அனுபவம். அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் என்பதால், நம் முழங்கைக்கு இதமாகப்படும் வெதுவெதுப்பு போதும். நீரைப் பூனையின் வயிற்றளவுக்கு மேல் நிரப்பாமல், சிறு குவளையால் கழுத்துக்குக் கீழே மட்டும் ஊற்றி, முகத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஷாம்பூவின் மிச்சம் ரோமத்தில் தங்கினால் அதையும் நக்கிவிடும். ஆகையால் தேய்ப்பதைவிட அலசுவதற்கே அதிக நேரம் கொடுங்கள். பிறகு துண்டால் ஒற்றி எடுத்து, காற்று வீசாத இடத்தில் உலர விடலாம். பூனை வாய் திறந்து மூச்சுவாங்கினால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் குளியலை நிறுத்திவிட வேண்டும். நுரை மட்டும் மீதமிருந்தால் அது அமைதியான பின் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

மனிதர்களின் ஷாம்பூ நம் தோலின் அமிலத்தன்மையைக் கருதிச் செய்யப்படுவது. பூனைக்கு அது ஒத்துவராது. அதைவிட ஆபத்தானது, நாய்களுக்கான தெள்ளுப்பூச்சி மருந்தைப் பூனைக்குப் பயன்படுத்துவது. அவற்றுள் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்னும் வேதிப்பொருளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போய்விடலாம். தேயிலை மர எண்ணெய் போன்ற வாசனை எண்ணெய்களும் இப்படியே நஞ்சாகின்றன. இயற்கையானது என்று புட்டியில் எழுதியிருப்பதை நம்பி எதையும் தடவாதீர்கள்.

சாம்பிக்கு வலி குறைக்கும் மருந்து தொடங்கிச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகலில், அது சன்னலோர வெயிலில் அமர்ந்து மெதுவாக உடலைத் திருப்பி இடுப்புவரை நக்குவதைப் பார்த்தேன். வால்வரை இன்னும் எட்டவில்லை. அந்த இடத்தை மட்டும் நாள்தோறும் மாலையில் மென்மையான பிரஷால் நான் சீவிவிடுகிறேன். எலும்பு துருத்தும் இடம் வந்ததும் கையைத் தளர்த்திக்கொள்கிறேன், அது கண்ணை மூடிக்கொள்கிறது.