லிலியன் கிஷ் எப்படி நடித்தார்?

மௌனப் படம் என்றதும் கண்ணை உருட்டி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, விறுவிறுவென்று நடக்கும் ஆட்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். இதில் பாதிக் குற்றம் படத்தை ஓட்டும் வேகத்தின் மேல். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 ஃபிரேம் என்று எடுத்ததை 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு விரைவாகிவிடும். மூன்று நொடி எடுத்துக்கொண்டு மெல்லத் திரும்பிய தலை, இரண்டே நொடியில் வெடுக்கென்று திரும்பும். சரியான வேகத்தில் அமெரிக்க மௌனப்பட நடிகை லிலியன் கிஷ்ஷைப் பார்த்தால்தான் அவர் எவ்வளவு குறைவாகச் செய்கிறார் என்பது பிடிபடும்.

பிறந்தது 1893 அக்டோபர் 14, ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில். அப்பா குடும்பத்தைக் கைவிட்டுவிட, அம்மா பிழைப்புக்காக மேடை ஏறினார். இரண்டு மகள்களும் பின்னாலேயே ஏறினார்கள். லிலியனின் முதல் மேடை 1902-ல், அதே மாநிலத்தின் ரைசிங்சன் என்ற சிற்றூரில். ஊர் ஊராகப் போகும் மலிவு டிக்கெட் மெலோடிராமா கம்பெனிகள். கடைசி வரிசைக்குக் குரல் எட்டாவிட்டால் வேறு பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைகளை மேடையேற்றத் தடை இருந்த ஊர்களில், அதிகாரிகள் கண்ணில் பட்டால் வயது கூடித் தெரியட்டும் என்று நீளப் பாவாடையும் உயர்குதிச் செருப்பும் மாட்டிவிடுவார்கள். பள்ளிக்கூடம் அவ்வப்போது மட்டும்.

1912-ல் நியூயார்க் 14-ஆம் தெருவில் இருந்த பயோகிராஃப் ஸ்டுடியோவுக்கு அக்கா தங்கை இருவரும் போனது, நாடக நாட்களில் பழகிய கிளாடிஸ் ஸ்மித்தைப் பார்க்க. அவர் அதற்குள் மேரி பிக்ஃபோர்டு என்ற பெயரில் திரைப்பட நடிகை ஆகியிருந்தார். அங்கே இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித், லிலியன் தலையில் நீல ரிப்பனும் தங்கை டோரதி தலையில் சிவப்பு ரிப்பனும் கட்டி, நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டார். துப்பாக்கியால் சுட்டபடி அறையைச் சுற்றி விரட்டி, பயம் முகத்தில் எப்படி வருகிறது என்று சோதித்தார். இன்றைக்கு எந்த ஸ்டுடியோவில் இப்படி நடந்தாலும் போலீஸ் வரும்.

கிரிஃபித் ஃபிலிம் ஓடுவதற்கு முன்பே முழுக் கதையையும் நாடகம் போல ஒத்திகை பார்ப்பவர். வெறும் அறை, சில நாற்காலிகள், அவ்வளவுதான். மேடையில் வளர்ந்த லிலியனுக்கு இது கைவந்த வேலை. ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ (1919) படத்தில் அடிபட்டு வாழும் சிறுமி, இரண்டு விரலால் உதட்டோரங்களைத் தூக்கிவிட்டுச் ‘சிரிக்கும்’ சைகை ஒத்திகையில் அவரே கண்டுபிடித்தது. அதே படத்தில் அலமாரிக்குள் அடைபட்டுச் சுற்றிச் சுற்றி வந்து கதறும் காட்சி இன்றும் பார்ப்பவரை உலுக்கும். சீன நாயகனாக வெள்ளைக்காரர் நடித்திருப்பதைச் சகித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ (1915) அதைவிட மோசம். அதன் இனவெறியைத் தொழில்நுட்பப் பெருமை எதுவும் மறைக்காது. அதிலும் லிலியன் முக்கிய வேடம்.

முகம் திரையில் எப்படி விழுகிறது என்பதை அவர் ஒரு பாடமாகவே படித்தார். அப்போதைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு உதட்டுச்சாயம் கறுப்பாக விழும், முகப்பரு கரும்புள்ளியாகும், வெளிர்நீலக் கண் வெளுத்துப்போகும். ஆகவே மேடை மேக்கப் இங்கே உதவாது. ஹென்ட்ரிக் சார்டோவ் என்ற புகைப்படக்காரரின், உருவத்தை மென்மையாக்கிக் காட்டும் மென்குவிய லென்ஸ் தன் முகத்துக்குப் பொருந்துவதைக் கண்டதும், பின்னாளில் எம்.ஜி.எம். நிறுவனத்துக்குப் போனபோதும் ‘லா போயம்’ படத்துக்கு அவரையே கேமராமேனாக்கினார்.

‘வே டவுன் ஈஸ்ட்’ (1920) படத்துக்காகப் பழைய நாடகத்தின் உரிமையைக் கிரிஃபித் 1,75,000 டாலருக்கு வாங்கினார். பனிப்புயல் காட்சி நியூயார்க் அருகே மாமரோனெக்கில் நிஜப் புயலில் எடுக்கப்பட்டது. எண்ணெய் உறைந்தால் கேமரா நின்றுவிடும் என்பதால் அதற்கு அடியில் சிறு நெருப்பு மூட்டி வைத்திருந்தார்கள். லிலியனின் இமைகளில் பனித்துளி உறைந்து தொங்கியது அப்படியே படத்தில் இருக்கிறது. பனிக்கட்டி மிதக்கும் ஆற்றுக் காட்சி, வெர்மான்ட் மாநிலத்து ஒயிட் ரிவரில். பனிக்கட்டி மேல் மயங்கிக் கிடக்கும் நாயகியின் கையும் கூந்தலும் தண்ணீரில் இழுபட வேண்டும் என்று யோசனை சொன்னவர் லிலியனேதான். தொலைவில் இருந்து பார்த்தாலும் உயிரற்ற கை என்று தெரியும். ஒவ்வொரு டேக்கிலும் உறையும் நீரில் கை. அந்தக் கையின் கோளாறு கடைசிவரை விடவில்லை.

‘லா போயம்’ (1926) படத்தில் காசநோயால் சாகும் மீமிக்காக மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளின் மூச்சைக் கவனித்தார். உதடு வறண்டு தெரிய மூன்று நாள் தண்ணீர் குடிக்கவில்லை. சாவுக் காட்சியில் அவர் மூச்சை அடக்கிக் கிடந்த நேரத்தில், நிஜமாகவே போய்விட்டாரோ என்று இயக்குநர் கிங் விடாருக்குப் பயமாகிவிட்டது. உடம்பை இவ்வளவு வருத்தியது தேவைதானா என்று கேட்கலாம். பலன் திரையில் இருக்கிறது.

என் கணக்கில் அவருடைய உச்சம் விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்கிய ‘தி விண்ட்’ (1928). மொஹாவி பாலைவனம், வெயில் 120 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. விமான எஞ்சின்கள் மணலையும் மரத்தூளையும் கந்தகப் புகையையும் முகத்தில் வாரியடித்தன. ஃபிலிமின் பூச்சு சூட்டில் கெடாமல் குளிரூட்டி வைக்க வேண்டியிருந்தது. கார் கதவின் கைப்பிடியைத் தொட்டு லிலியனின் கை வெந்துபோனது. இத்தனைக்குப் பிறகும் படம் வந்த நேரம் சரியில்லை. பேசும் படம் கொட்டகைகளைப் பிடித்துவிட்டிருந்தது.

பேச்சு வந்ததும் ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியலில் இவரைச் சேர்ப்பது சோம்பேறித்தனம். குரல் பயின்றது மேடையில்தான், அங்கேயே திரும்பினார். 1930-ல் பிராட்வேயில் செகாவின் ‘அங்கிள் வான்யா’, 1936-ல் ஆங்கில நடிகர் ஜான் கீல்குட்டின் ஹாம்லெட்டுக்கு ஒஃபீலியா. சினிமாவில் 1955-ன் ‘தி நைட் ஆஃப் தி ஹண்டர்’, 1987-ல் பெட்டி டேவிஸுடன் ‘தி வேல்ஸ் ஆஃப் ஆகஸ்ட்’. 1993 பிப்ரவரி 27 அன்று, 99 வயதில் காலமானார்.

புதிதாகப் பார்ப்பவர்கள் ‘தி விண்ட்’டில் தொடங்கலாம். கிரிஃபித் படங்களுக்கு, வேகம் சரிசெய்து மீட்டெடுத்த பிரதியையே தேடுங்கள். நடை துள்ளினால் அந்தப் பிரதியை மூடிவிட்டு வேறொன்று பாருங்கள்.