ஹோம் அசிஸ்டன்ட் அப்டேட்டுக்குப் பிறகு வால்வு திறக்கவில்லையா? டெம்ப்ளேட்டில் வகையைப் பாருங்கள்

ஓசூரை அடுத்த தளிப் பக்கம் ரோஜா பாலிஹவுஸில் சொட்டுநீர் வால்வுகளை ஹோம் அசிஸ்டன்ட் என்ற தானியங்கி மென்பொருள்தான் திறந்து மூடுகிறது. ஆண்டுக்கணக்கில் தொடாமல் வைத்திருந்த பழைய பதிப்பை மாற்றியதும், எர்ரர் எதுவும் காட்டாமலே சில பாத்திகளுக்குத் தண்ணீர் போகவில்லை.

காரணம், 2020 அக்டோபரில் வந்த 0.117 பதிப்பு. அதுவரை டெம்ப்ளேட், அதாவது மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சிறு குறியீடு, எதைக் கொடுத்தாலும் எழுத்துச் சரம்தான். அதன்பிறகு, முடிவு எண்போல இருந்தால் எண்ணாகவே மாறிவிடும். இன்புட் செலக்ட் என்ற தேர்வுப் பட்டியலில் பாத்தி "3" என்று தேர்ந்து அதை வேரியபிளில் ஏற்றினால், உள்ளே இருப்பது எண் 3. கீழே கண்டிஷன் மேற்கோளுக்குள் உள்ள '3' உடன் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல, வால்வு அசையாது. எழுத்தாக மாற்றும் ஸ்ட்ரிங் ஃபில்டர் போட்டும் பயனில்லை, கடைசியில் வெளியே வரும்போது மறுபடி எண்ணாகிவிடும். ஒப்பிடும் இடத்தில் எண்ணாக மாற்றும் இன்ட் ஃபில்டரைப் போட்டு மேற்கோளை எடுக்க வேண்டும். அல்லது பாத்திக்கே "பாத்தி3" என்று பெயர் வைத்துவிடலாம். எங்களுக்கு இரண்டாவதே பிடித்தது. ஆம்-இல்லை மதிப்புகளும் இப்படி மாறுவதால், 'ட்ரூ' என்று மேற்கோளுக்குள் எழுதிய ஒப்பீடுகளும் இதேபோல் படுத்துவிடும்.

எது எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம். டெவலப்பர் டூல்ஸில் டெம்ப்ளேட் பக்கம் போய் ஒட்டினால் முடிவின் வகையைக் காட்டும். ஆட்டோமேஷன் ஓடிய விதத்தைக் காட்டும் ட்ரேஸில் வேரியபிள்களின் மதிப்பும் தெரியும்.

டெம்ப்ளேட்டுக்குள் நேரடியாகப் படிக்கும் சென்சார் நிலை இன்னும் எழுத்துதான். அதனால் அதைத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட் கட்டாயம் வேண்டும். புதிய பதிப்புகளில் டிஃபால்ட் (மாற்று மதிப்பு) தராத ஃப்ளோட், சென்சார் தொடர்பிழந்து 'அன்அவைலபிள்' என்று வந்தால் எர்ரரில் நிற்கும். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்துபோகும் நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். உடனே எல்லா இடத்திலும் ஃப்ளோட்(0) போட்டுவிடாதீர்கள். மண் ஈரம் 35-க்குக் கீழே போனால் மோட்டார் ஓடவேண்டும் என்ற விதியில், செத்த சென்சார் 0 ஆகி, வறண்ட போரிலும் மோட்டாரை ஓட்டும். ஈரத்துக்கு டிஃபால்ட் 100. அதற்கும் முன்னால், சென்சாரில் மதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஹாஸ்_வேல்யூ கண்டிஷன்.

அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுங்கள். திருத்தியபின் மோட்டார் ஓடாதபடி ஸ்டார்ட்டரின் எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டு, டெவலப்பர் டூல்ஸின் ஸ்டேட்ஸ் பக்கத்தில் ஈர சென்சாரை 20, 'அன்அவைலபிள்' என மாற்றி மாற்றி வையுங்கள். 20-க்கு மட்டும் ரிலே தட்ட வேண்டும்.