வெள்ளையனுக்கு வெடிச் சத்தம் கேட்காது

12 அக்டோபர் 2025, ஞாயிறு

இன்று சாளை மலிவு. நான் வண்டியை நிறுத்துவதற்குள் பூனை மீனா மதில் மேல் வந்து நின்றாயிற்று. பூனைகளுக்கென்று நாலைந்து மீனைத் தனியாக எடுத்து, உப்பு, புளி, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேக வைத்து, முள்ளெடுத்துப் போடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

"அந்தக் காலத்துல குழம்பு ஊத்துன சோறுதான் போட்டோம். நல்லாத்தானே இருந்துச்சுக" என்றார் அத்தை. எந்தப் பூனை எத்தனை வருஷம் இருந்தது என்று யார் கணக்கு வைத்தார்கள்? வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "சரி சரி" என்று புளி கரைக்கப் போய்விட்டார்.

பூனைத் தட்டு இரண்டும் வாஷிங் மெஷின் மேல். நாய்கள் வெள்ளையன், கறுப்பி தட்டு இரண்டும் தரையில். எங்கள் வீட்டில் தரை நாய்களுக்கு, இடுப்புயரத்துக்கு மேலே எல்லாம் பூனைகளுக்கு. மெஷின் ஓடும்போது மட்டும் சாப்பாடு தள்ளிப் போகும். கறுப்பி எப்போதாவது பூனைத் தீனியைத் திருடினால் பெருப்பாள், அவ்வளவுதான். பூனை நாய்த் தீனியையே தின்று காலம் தள்ள முடியாது. டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்தே வந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெட்டுப் போகும். மீனாவின் மகன் சுண்டலுக்கு இதெல்லாம் தெரியாது. வெள்ளையன் தட்டில் கிடக்கும் சோற்றைத்தான் அவனுக்குப் பிடிக்கிறது.

14 அக்டோபர், செவ்வாய்

உண்ணி. கறுப்பியின் காது மடலுக்குள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தேன். அவள் தெருவில் வளர்ந்து எங்களிடம் வந்தவள். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காது நுனியில் வெட்டு இருக்கிறது. அந்த வெட்டைத் தொட்டால் மட்டும் தலையை உதறுவாள், மற்றபடி கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள்.

பிடரியில் சொட்டு விடும் மருந்தை வாங்கி வந்த அவர் இரண்டு நாய்க்கும் போட்டுவிட்டு, "மிச்சம் இருக்கு, பூனைக்கும் ஒரு சொட்டு?" என்றார். கையைப் பிடிக்காத குறை. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனையின் உடம்பால் அதைச் சிதைத்து வெளியேற்ற முடியாது, வலிப்பு வந்து செத்தே போகும். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பூனைப் படத்தின் மேல் குறுக்குக்கோடு. மருந்து காயும் வரை பூனைகளை மாடி அறையில் போட்டுப் பூட்டினேன். சுண்டல் வெள்ளையன் வயிற்றில் சாய்ந்து தூங்குகிறவன், அதனால் இன்று ராத்திரியும் மாடியில்தான். கதவுக்குப் பின்னால் பிலாக்கணம்.

16 அக்டோபர், வியாழன்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். சாயங்காலம் இங்கேயும் கொட்டியது. மழை விட்டதும் அவர் ஸ்கூட்டரைத் துடைக்கப் போனால், வண்டிக்குள்ளிருந்து கத்தல். சக்கரத்துக்கு மேலே என்ஜின் சந்தில் ஒரு பூனைக்குட்டி. நான் துணி எடுத்து வருவதற்குள் மகள் கையை விட்டுவிட்டாள். கீறிவிட்டது.

ரத்தம் வரவில்லை, மணிக்கட்டில் கோடு போட்டாற்போல் சிவந்திருந்தது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்தேன். அத்தை மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொண்டு வந்தார். "கழுவுறது மட்டும்தான் அத்தை, மேலே எதுவும் வைக்கக் கூடாது" என்றதும், "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாகளே" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். அவள் முகம் செத்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசியாக இரண்டு கையிலும் தோலிலேயே சின்னக் கொப்புளம் எழும்பும்படி ஒவ்வொரு ஊசி. முடிந்தது. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிச் சீரம் என்ற எதிர்ப்பு மருந்தும் போட்டிருப்பார்களாம். இன்று, 19, 23, நவம்பர் 13 என்று சீட்டில் எழுதித் தந்தார்கள். "தொப்புளே இல்லப்பா, அப்பத்தா சும்மா சொல்றாங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அப்பாவுக்குப் போன்.

குட்டி? பல் இப்போதுதான் முளைக்கிறது, கண் இன்னும் நீலம். ஒரு மாதத்துக்கு மேல் இருக்காது. மாட்டுப்பால் வைத்தால் வயிற்றால் போகும். கோழி நெஞ்சுக்கறியை வேக வைத்து, மையாய் மசித்துக் கொடுத்தேன். உறுமிக்கொண்டே தின்றது.

17 அக்டோபர், வெள்ளி

ஒரே சீறல். மீனா குட்டியைப் பார்த்து, சுண்டல் மீனாவைப் பார்த்து, குட்டி எல்லாரையும் பார்த்து. நாய்கள் இரண்டும் ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. இந்த வீட்டில் சண்டை என்றால் பூனைக்கும் பூனைக்கும்தான். அத்தை பரணிலிருந்து பழைய பஞ்சாரத்தை இறக்கச் சொன்னார். ஒரு காலத்தில் கோழி கவிழ்த்த கூடை. இப்போது அதற்குள் குட்டி, தட்டு, பழைய துண்டு. மேலே அம்மிக்குழவி, கறுப்பி தள்ளாமலிருக்க.

19 அக்டோபர், ஞாயிறு

இரண்டாவது ஊசி. ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறார்கள். கடைவீதி வழியாகத் திரும்பி வந்தது தனிக்கதை; தீபாவளிக்கு முந்தைய நாள் மதுரையில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மதியம் நான் பயந்தது நடந்தது. வெள்ளையன் தூங்கும்போது குட்டி பஞ்சாரத்திலிருந்து நழுவிப்போய் அவன் காதைப் பிடித்து ஏறியிருக்கிறது. திடுக்கிட்டு எழுந்தவன் வாயைக் கடக்கென்று மூடினான். ஒரு விரற்கடை தள்ளி விழுந்ததால் குட்டி பிழைத்து, கட்டிலுக்கடியில்.

அவன் மேல் தப்பில்லை. ராஜபாளையம் நாய்களில் இப்படிப் பாலாக வெளுத்த சிலது பிறவியிலேயே செவிடு. தோலுக்கு நிறம் தரும் அதே செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே காது அடைந்துவிடும். அவனை எழுப்புவதென்றால் தரையைக் காலால் இரண்டு தட்டு தட்டுவோம், அல்லது மூக்குக்கு முன்னால் கையை நீட்டி வாசனை காட்டுவோம். ராத்திரி தோட்டத்திலிருந்து உள்ளே அழைக்க வாசல் விளக்கை அணைத்து அணைத்துப் போடுவோம். வாசலில் யார் வந்தாலும் அவன் பார்ப்பது கேட்டை அல்ல, கறுப்பியின் காதை. அவள் காது நிமிர்ந்தால் இவன் எழுந்து குரைப்பான். மீனாவுக்கும் இதெல்லாம் தெரியும். மற்ற யாரிடமும் முதலில் சீறிவிட்டு அப்புறம் அடிப்பவள், இவனிடம் மட்டும் நேராக முகத்துக்கு எதிரே வந்து வாலை உதறிக் காட்டுகிறாள்.

குட்டிக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது? அவன் தூங்கும் நேரமெல்லாம் அது பஞ்சாரத்துக்குள். அவ்வளவுதான்.

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. வெடிக்க அனுமதி இந்த இரண்டு மணி நேரம்தான் என்று 2018-லிருந்து அறிவிக்கிறார்கள். எங்கள் தெரு அதற்கு ரொம்பக் கட்டுப்பட்டு, விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே நாய்களை வெளியே கூட்டிப்போய் வந்து, கதவு ஜன்னலெல்லாம் அடைத்து, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, டிவியில் பட்டிமன்றத்தை அலறவிட்டேன். கறுப்பிக்கு நடுக்கம் பின்னங்காலில் தொடங்கும். தொடை துடித்து, அப்புறம் விலா, அப்புறம் பல் தந்தியடிக்கும். வாய் ஓரமாக நூல் மாதிரி எச்சில். சோற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. கட்டிலுக்கடியிலிருந்து நாமாக இழுக்கவும் கூடாது.

வெள்ளையன் கூடத்தில் நட்டநடுவே நாலு காலையும் நீட்டித் தூங்கினான். தெருவில் பத்தாயிரம் வாலா முழுவதும் ஓடி முடிந்தது. இவன் காது மடல்கூட அசையவில்லை. எதிர்வீட்டில் அணுகுண்டு போட்டபோது மட்டும் தரை அதிர்ந்ததில் தலையைத் தூக்கி, யார் கால் தட்டிக் கூப்பிட்டது என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"2005-ல இவன் ஜாதிக்குத் தபால்தலையே போட்டாங்க, சும்மாவா" என்று அவர் பெருமை. சிவகாசியும் ராஜபாளையமும் ஒரே விருதுநகர் மாவட்டம். வெடியும் இவனும் ஊர்க்காரர்கள், அதனால் கண்டுகொள்ளவில்லை என்றாள் மகள்.

எட்டரை மணிக்குக் கறுப்பி கட்டிலுக்கடியிலிருந்து வயிறு தரையில் தேயத் தவழ்ந்து வந்து, அவன் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தாள். தூக்கத்திலேயே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நடுக்கம் நிற்கவில்லை, குறைந்தது. மீனா பீரோ மேல். சுண்டலைக் காணோம்.

21 அக்டோபர், செவ்வாய்

சுண்டல் பரணில் இருந்தான். பித்தளை அண்டாவுக்குள். காலையில் அத்தை இட்லித் துணி எடுக்க ஏணியில் ஏறியபோது உள்ளிருந்து தலை நீட்டியிருக்கிறான். ஏணியும் அத்தையும் தப்பியது தீபாவளி புண்ணியம். அண்டாவைக் கழுவிக் காய வைத்தோம். தெருவெல்லாம் வெடிக் காகிதம். நாய்கள் நக்காமலிருக்க எங்கள் வாசல் வரை நானே கூட்டினேன். கறுப்பி மதியம் வரை தண்ணீர் மட்டும் குடித்தாள், அப்புறம் முறுக்கு கேட்டாள். கொடுக்கவில்லை.

23 அக்டோபர், வியாழன்

மூன்றாவது ஊசி. ஆஸ்பத்திரியில் மகள் தனக்குப் பின்னால் நின்ற சின்னப் பையனிடம், "தொப்புள்ல எல்லாம் இல்லடா" என்று தைரியம் சொல்கிறாள்.

குட்டி நன்றாகத் தின்கிறது. வெள்ளையன் விழித்திருக்கும்போது பக்கத்தில் விட்டுப் பார்த்தேன், ஒரு முறை நக்கினான். குட்டி உருண்டு எழுந்து அவன் தாடையில் ஓர் அறை விட்டது. இப்போதைக்குச் சரி. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் குட்டி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். எட்டு வாரமாகி முதல் தடுப்பூசி போட்ட பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நவம்பர் 13, கடைசி ஊசி முடியட்டும்.