புது எஞ்சினுக்கு வந்த வருத்தம்

என் மேசையில் இருப்பது மட்டக்களப்பு புகையிரத நிலையத்தின் சின்ன வடிவம். முழு நிலையம் இல்லை. ஒரு மேடை, இரண்டு தடம், ஒரு தடத்திலிருந்து மற்றத் தடத்துக்கு மாறும் இடமான பொயின்ட் இரண்டு, அவ்வளவுதான். பாதை இங்கேயே முடிந்துவிடுவதால், உதயதேவி ரயில் வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தால் கொண்டுபோய் மற்ற முனையில் பூட்ட வேண்டும். ஓட்டுவதில் எனக்குப் பிடித்த கட்டமே அதுதான். அதற்கு எஞ்சின் ஊர்ந்து போகத் தெரிந்திருக்க வேண்டும். கனடாவில் இருக்கும் மச்சான் அனுப்பிய புது எச்.ஓ (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு அளவு) டீசல் எஞ்சின் மாடல் வேகமாக நன்றாகவே ஓடியது. ஊர விட்டால் பொயின்ட்டில் வந்து நின்றுவிடும். முன்விளக்கும் சேர்ந்து அணைந்துவிடும்.

விளக்கும் அணைகிறதென்றால் மோட்டரைக் குறை சொல்ல வேலையில்லை. தண்டவாளத்திலிருந்து மின்சாரமே உள்ளே ஏறவில்லை. என்னிடம் இருக்கும் பொயின்ட்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் இடம் பிளாஸ்டிக். அதன் மேலே நிற்கும் சக்கரம் மின்சாரம் எடுக்காது, மற்றச் சக்கரங்கள்தான் கைகொடுக்க வேண்டும். வேகமாகப் போகும்போது மோட்டரோடு சுழலும் பாரமான பித்தளைச் சில்லு எஞ்சினை அந்த இடம் தாண்டி இழுத்துவிடும். இப்படிப்பட்ட குறை வட்டத் தடத்தில் வேகமாக ஓட்டிப் பார்ப்பவர் கண்ணில் படவே படாது.

மல்ட்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் மேலே உள்ள மின்சுற்றுப் போர்ட் வரை தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தேன். நான்கு அச்சு, எட்டுச் சக்கரம். பின் போகியில் (இரண்டு அச்சைத் தாங்கும் சட்டத்தில்) இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் ஒரு நேரம் சுழிய ஓம், அதாவது நல்ல தொடர்பு காட்டின, வயரைத் தொட்டால் தொடர்பே காட்டவில்லை. மேல்கூட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வயர்கள் எதையும் ஈயம் வைத்து ஒட்டவில்லை. போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக் காதில் வயரை வைத்து, மேலே ஒரு குட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை அமத்தியிருக்கிறார்கள். இடப்பக்கக் கறுப்பு வயரை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. மூடிக்குள் இருந்தது இரண்டே இரண்டு செப்பு இழை, மிச்சம் எல்லாம் உறை. இவ்வளவு விலைக்கு விற்கிற சாமானில் ஒரு சொட்டு ஈயத்தை மிச்சம் பிடிப்பதை என்னவென்று சொல்வது?

மூடிகளை எல்லாம் கழற்றி வீசிவிட்டேன். ஈயம் ஒட்டுவதற்கு மெல்லிய நுனி உள்ள இரும்பு, காத்தான்குடியில் ரேடியோ திருத்தும் காக்கா தந்தது. “தம்பி, சூட்டை வயருக்கும் தகட்டுக்கும் குடுங்க, ஈயத்துக்குக் குடுக்காதீங்க, அது தானா ஓடும்” என்றார். அப்படியே ஓடியது. வயர் நுனியில் முதலே ஈயம் பூசிக்கொண்டால் போர்டில் இரும்பைக் கனநேரம் வைத்திருக்கத் தேவையில்லை. ஒட்டிய இடங்களை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்தேன். கல்லடிக் கடற்காற்றில், ஈயம் ஓட உதவும் பசை (ஃபிளக்ஸ்) மிச்சம் இருந்தால் பச்சை பிடிக்க நாள் எடுக்காது.

அடுத்தது பின்விளக்கு. முன்விளக்கு பளிச்சென்று எரிய, இது மின்மினி மாதிரி. முன்போர்டில் இருந்த ரெசிஸ்டரில் 102 என்று எழுதியிருந்தது, அதாவது 1,000 ஓம். பின்னால் 103, அதாவது 10,000. 12 வோல்ட்டில் வெள்ளை எல்.ஈ.டி 3 வோல்ட் எடுத்தால் மீதி 9. முன்னுக்கு 9 மில்லி அம்பியர், பின்னுக்கு ஒன்றுகூட இல்லை. யாரோ பெட்டி மாறி எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மாற்றியதும் சரி.

இதைவிடப் பயமுறுத்தியது இன்னொன்று. மோட்டரின் சாம்பல் வயரை உலோகச் சட்டத்துக்கும் திருகாணிக்கும் நடுவில் நசுக்கி, உறை கிழிந்திருந்தது. சாதாரண டிசி ஓட்டத்தில் அது தெரியாமலே போயிருக்கலாம். ஆனால் டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டரை ஓட்டும் சின்ன போர்ட்) போட்டபின் மோட்டர் வயர் சட்டத்தைத் தொட்டு, சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் தொடர்பு இருந்தால், டிகோடர் புகைந்துவிடும். வயரை மாற்றி, சட்டத்துக்கும் மோட்டரின் இரண்டு முனைக்கும் தொடர்பில்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டேன். டிகோடர் போட எண்ணுபவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நிறம் மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். 1954இல் கனடாவிலிருந்து இலங்கைக்கு வந்த எம்2 டீசல் எஞ்சின் போல ஆக்கச் சொல்கிறான் மச்சான். எம்2க்கு ஆறு அச்சு, இதற்கு நான்கு. தடமும் பொருந்தாது. நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், எச்.ஓ அளவில் 19.3 வர வேண்டும், கடைத் தடம் 16.5தான். எனக்கு அது கண்ணை உறுத்தவில்லை.

இப்போது எஞ்சின் இரண்டு பொயின்ட்டையும் ஊர்ந்தே தாண்டுகிறது, விளக்கு சிமிட்டுவதுகூட இல்லை. முன் போகியில் மட்டும் ஒரு ‘டக் டக்’ மிச்சம் இருக்கிறது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு தட்டு. அச்சில் உள்ள பிளாஸ்டிக் பற்சில்லு வெடித்திருக்கிறது. வேறு அச்சு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை பாரமான பெட்டி பூட்டுவதில்லை.