செவலையின் தடைக்காலம்

ஏப்ரல் 15 வந்தால் எங்கள் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு போகாவிட்டால் மீன் வராது. மீன் வராவிட்டால் மண்டபத்தில் நான் கணக்கு எழுதும் கம்பெனியில் எழுதுவதற்குக் கணக்கும் இருக்காது. போன வருடம் அப்படி அரைச் சம்பளத்தோடு வீட்டில் கிடந்தபோதுதான் ஓடி ஆடி உடம்பைக் குறைக்கலாம் என்ற யோசனை வந்தது. யோசனை எனக்கு, புண் என் நாய்க்கு.

செவலை நாட்டு நாய்தான். ஒட்டிய வயிற்றையும் நீளக் காலையும் பார்க்கிறவர்கள் சிப்பிப்பாறை ரத்தம் கலந்திருக்கும் என்பார்கள். வயது மூன்று, எடை 16 கிலோ. வீட்டில் யாரும் அவனை ‘அது’ என்று சொல்வதில்லை.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம். விடியற்காலையில் நான் டிவிஎஸ் எக்ஸெல்லில் அரியமான் கடற்கரைக்குப் போவேன், அவன் வண்டியோடு ஓடி வருவான். சவுக்குத் தோப்பு ஓரமாக நான் அரை மணி நேரம் மூச்சு வாங்க நடந்து முடிப்பதற்குள் அவன் நண்டைத் துரத்தி, கொக்கைத் துரத்தி, தண்ணீரில் இறங்கி ஏறி, என்னைப் போலப் பத்து மடங்கு ஓடியிருப்பான். அந்தப் பக்கக் கடல் குளம் மாதிரி கிடக்கும். பாக் நீரிணையைப் பெண் கடல், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்று ராமேஸ்வரம் பக்கம் சொல்வார்கள். பெண் கடலில் அலை பெரிதாக இல்லையே தவிர, கரையில் உடைந்த சிப்பிக்குக் குறைவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்க நாலைந்து நாள் இருந்தது. அன்று காலை தூங்கிவிட்டேன். விட்ட நடையைச் சாயங்காலம் பிடித்துவிடலாம் என்று மூன்றரை மணிக்கே கிளம்பிவிட்டேன், அதுதான் தப்பு. திரும்பும்போது, தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆன காலோடு அவன் சூடு ஆறாத தார் ரோட்டில் வண்டிக்குச் சமமாக ஓடி வந்தான். நடுவில் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போனதில் இன்னும் மூன்று கிலோமீட்டர் கூடிப்போனது. ஒரு இடத்திலும் அவன் நொண்டவில்லை, பின்தங்கவும் இல்லை. ஓடுகிற குஷியில் நாய்க்கு வலி தெரிவதில்லை. தெரிந்தாலும் நின்று சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது. நான்தான் செருப்புப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணையில் ‘சளக் சளக்’ என்று ஒரே சத்தம். ஏதோ குடிக்கிறான் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தேன். காலையில் பார்த்தால் திண்ணையில் காய்ந்த ரத்தப் பொட்டுகள். கூப்பிட்டேன், எழுந்து வந்தான், மூன்று காலில். படி ஒன்றே ஒன்றுதான், அதில் இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மடியில் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். நாயின் முன்னங்காலில் விரலுக்கு ஒன்றாக நான்கு சின்னத் திண்டும் நடுவில் ஒரு பெரிய திண்டும் இருக்கும். வலது முன்னங்காலில் அந்தப் பெரிய திண்டின் கறுப்புத் தோல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கழன்று, ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு மூடி மாதிரி தொங்கியது. உள்ளே பச்சைச் சதை, ரோஜா நிறத்தில். அந்த மூடிக்கும் சதைக்கும் நடுவே வெள்ளை மணல் அடைந்திருந்தது. இடது காலில் கொப்புளம், உடையவில்லை. பின்னங்காலில் இரண்டு விரல் தேய்ந்து சிவந்திருந்தன.

முதல் வேலை மணலை எடுப்பது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, பச்சைப் புண்ணில் பட்டால் உயிர் போகும். அதனால் குடத்தில் பிடித்து வைத்திருந்த காவிரித் தண்ணீரை எடுத்து மெதுவாக ஊற்றினேன். “மனுசனுக்கே குடிக்கத் தண்ணியில்ல, நாய்க்குக் காவிரித் தண்ணியில கால் கழுவுறியாடா?” என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே இரண்டாவது குடத்தையும் அவரே தூக்கிவந்து வைத்தார்.

அதற்குள் வைத்தியம் சொல்ல ஆள் சேர்ந்துவிட்டது. மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் போடு என்றார் ஒருவர். எஞ்சின் ஆயில் தடவினால் ஈ அண்டாது என்றார் படகு ஓட்டுகிறவர். நக்கினால் அது வயிற்றுக்குள்தானே போகும்? என் பங்குக்கு நானும் மருந்துக்கடையில் பாராசிட்டமால் அட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். நல்லவேளை, கொடுக்கும் முன்பே ஆட்டோ வந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்ததும் முதலில் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டார். நாம் விழுங்கும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், ஐபுபுரூஃபன் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தில் கை வைக்கும், வலி என்றால் எடை பார்த்து நாய்க்கென்று இருக்கிற மாத்திரைதான் என்றார். டெட்டாலும் வேண்டாம், நக்கிவிடும். மேசையின் ஸ்டீல் தகட்டில் செவலை கால் வைத்த இடமெல்லாம் ஈரத் தடம் விழுந்திருந்தது. பயத்தில் ஒன்றுக்குப் போய்விட்டானோ என்று துடைக்கப் போனேன். “வேர்வைங்க. நாய்க்கு வேர்க்கிற இடம் முக்கியமா அந்த உள்ளங்கால்தான்” என்றார்.

தொங்கிய தோலைக் கத்தரித்து எடுத்தார். அது செத்த தோல், வெட்டும்போது அவன் அசையவே இல்லை. உடையாத கொப்புளத்தைத் தொடவில்லை. பொவிடோன் அயோடினைப் பால் ஊற்றாத டீயின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து கழுவினார். விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்து, சதையில் ஒட்டாத வாஸ்லின் வலைத்துணியை வைத்து, இடுக்கில் சின்னச் சின்னப் பஞ்சு வைத்து, மேலே காஸ் துணி சுற்றிவிட்டார். தினம் ஒரு தடவை அவிழ்த்துக் கழுவிப் புதுக்கட்டுப் போட வேண்டும், கட்டு நனையக் கூடாது, நக்கக் கூடாது, ஓடக் கூடாது. கெட்ட வாடை, வீக்கம், சீழ் என்றால் உடனே வரச் சொன்னார். கேட்கும்போது எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

வீட்டில் நான் போட்ட முதல் கட்டு ஒரு மணி நேரத்தில் அவிழ்ந்து வாசலில் கிடந்தது. கோபத்தில் இரண்டாவதை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் காலை பார்த்தால் கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு நடு நகமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிந்து நின்றன. விரல் வீங்கினால் நகம் அப்படித்தான் விலகும்; அதைப் பார்ப்பதற்காகத்தான் அந்த இரண்டு விரல் நுனியை மூடாமல் விடச் சொல்லியிருந்தார் மருத்துவர். தொட்டால் ஜில்லென்று இருந்தது. பதறி அவிழ்த்தேன். அரை மணி நேரம் தேய்க்காமல் சும்மா பிடித்துக்கொண்டே இருந்தபிறகுதான் சூடு வந்தது. புண்ணைவிட நான் போட்ட கட்டு பெரிய கேடாகியிருக்கும்.

எனக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுப் பாசி அக்கா. கடலுக்குள் முங்கிப் பாறையில் கடல்பாசி பறிக்கிறவர். பாறை அறுக்காமல் இருக்கப் பழைய சேலையைக் கிழித்து விரல் விரலாகச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார். இருபது வருடமாகத் தினம் பத்து விரலுக்குக் கட்டுப் போடுகிறவர் அவர். “கீழேயே சுத்துனா உருவிக்கிட்டுத்தான் தம்பி வரும். மணிக்கட்டுக்கு மேல ஏத்தி, எட்டுப் போட்டு இறக்கு” என்று பாதத்துக்கும் மணிக்கட்டுக்குமாகத் துணியை எட்டு வடிவில் குறுக்கே ஓட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் தன் சுண்டுவிரலை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் நுழைந்தால் சரி, திணற வேண்டியிருந்தால் தளர்த்தினார். மேலே என் பழைய பருத்தி சாக்ஸ். அன்றிலிருந்து கட்டு மறுநாள் வரை நின்றது. வெளியே ஒன்றுக்குக் கூட்டிப்போகும்போது மட்டும் கழுவிக் காயவைத்த பால் கவர் ஒன்றை மாட்டுவேன், வந்ததும் கழற்றிவிடுவேன். மறந்து விட்டுவிட்டால் வேர்வையில் உள்ளே ஊறிப்போகும்.

நக்குவதை நிறுத்துவதுதான் பெரும்பாடு. நாய் எச்சில் புண்ணை ஆற்றும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நக்க நக்கப் புதுத்தோல் உரிந்து வந்ததைத்தான் நான் பார்த்தேன். கழுத்துக்குப் போடுகிற கூம்பு விசாரித்த கடைகளில் இல்லை. காலி பெயிண்ட் வாளியின் அடியை அறுத்து, விளிம்புக்குச் சைக்கிள் டியூபைப் பிளந்து சொருகி, கழுத்துப்பட்டையோடு சேர்த்துக் கட்டினேன். முதல் நாள் அவன் போகிற இடமெல்லாம் டமார் டமார் என்று கதவில் இடி. வாளிக்குள்ளிருந்து அவன் பார்த்த பார்வையை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஓடுகிற நாயை உட்கார வைக்க வேண்டும். வேப்பமரத்தடியில் கட்டினால் ஆட்டைப் பார்த்துத் துள்ளினான். நடு ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, என் பாய்க்குப் பக்கத்தில் கட்டினேன். தடைக்காலத்தில் நாட்டுப்படகு கொண்டுவரும் சாளையோ சூடையோதான் மலிவாகக் கிடைக்கும். அதை உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து தேங்காய்ச் சிரட்டையில் அழுத்தி வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் சுரண்டிக்கொண்டிருப்பான். மிச்ச நேரத்தில் இரண்டு பேரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.

மூன்று நாள் சதை அப்படியே ஈரமாக இருந்தது, எனக்கு நம்பிக்கையே போய்விட்டது. ஐந்தாம் நாள் ஓரத்திலிருந்து வெளுத்த தோல் ஒன்று உள்நோக்கி நகர்ந்து வந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குள் கட்டில்லாமல் விட்டேன். இரண்டு வாரத்தில் சாம்பல் நிறத்தில் முழுசாக மூடியது, ஆனால் நகத்தால் லேசாகத் தொட்டாலும் பள்ளம் விழும் மென்மை. ஆறிவிட்டது என்று பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். தோல் மூடுவது வேறு, உரம் ஏறுவது வேறு. பழைய சொரசொரப்பு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

மூன்றாம் வாரம் விடியற்காலை ஐந்தரைக்கு எக்ஸெல்லில் முன்னால் உட்காரவைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பத்து நிமிட நடை, கயிற்றோடு, சிப்பி இல்லாத ஈர மணலில் மட்டும். வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் கால் கழுவி, இடுக்கு வரை துடைப்பது. ரோட்டில் இறக்குவதற்கு முன் புறங்கையைத் தாரில் வைத்து ஏழு எண்ணுவேன். எண்ணி முடிக்க முடியாவிட்டால் அவன் இறங்கக் கூடாது. மே மாதத்தில் காலை ஒன்பது மணிக்கே நான் நாலில் கையை எடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மணல் குளிர்ந்திருந்தாலும் தார் குளிர்ந்திருக்காது, அதையும் கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் தடம் பார்க்கவும் பழகினேன். முதல் வாரம் ஈர மணலில் இடது முன்னங்கால் ஆழமாகப் பதிந்திருக்கும், வலது பக்கம் விரல் நுனி நான்கு மட்டும் மேலாகத் தொட்டுப் போயிருக்கும். அப்புறம் விரலோடு பெரிய திண்டின் முன்பாதி. ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் குனிந்து பார்த்தேன், நான்கு தடமும் ஒரே ஆழம். கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கொக்கு ஒன்றைக் குறிவைத்து ஐம்பதடி ஓடி, தண்ணீர் ஓரத்தில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினான். கால் மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன்.

தடைக்காலம் முடிந்து நான் வேலைக்குப் போய்விட்டேன். என் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. பெயிண்ட் வாளியைத் தூக்கிப் போட அம்மா விடவில்லை, வாசலில் வைத்த முருங்கைக் கன்றை ஆடு கடிக்காமல் இருக்க அதைச் சுற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். செவலை அந்தப் பக்கமே போவதில்லை.